கடல் சூடாகிற காலத்துல, தீர்ந்துபோன மீன்வளத்தை எப்படி மீட்கிறது

அளவுக்கு மீறி பிடிச்சு குறைஞ்சுபோன மீன் திரும்ப பெருகணும்னா முதல்ல பிடிப்பை குறைக்கணும், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா எவ்வளவு குறைக்கணும்னு பழைய கடலை மனசுல வச்சு கணக்கு போடாதீங்க. அமெரிக்காவோட மெய்ன் வளைகுடால காட் மீனுக்கு அதுதான் நடந்துச்சு, 2004க்கு அப்புறம் தண்ணி வேகமா சூடாச்சு, குஞ்சு பிழைக்கிறது குறைஞ்சுது, கோட்டா, அதாவது இவ்வளவுதான் பிடிக்கலாம்ங்கிற வரம்பு, அந்தக் கணக்குல வெப்பத்தை சேர்க்கவே இல்ல, அதனால கோட்டாவை தாண்டாம பிடிச்சும் மீன் சரிஞ்சுக்கிட்டே போச்சு.

அதனால மதிப்பீடு பண்ணும்போதெல்லாம் வெப்பநிலையையும் புதுசா சேர்ற குஞ்சுகளையும் சேர்த்தே பாருங்க. குஞ்சு தொடர்ந்து குறைவா வந்தா பிடிப்பை உடனே இன்னும் குறைங்க, அடுத்த பெரிய ஆய்வு வரட்டும்னு காத்திருந்தா லேட் ஆயிடும். மீட்பு இலக்கை மாத்த வேண்டி வரலாம், ஆனா அதையே சாக்கா வச்சு பிடிப்பை கூட்டவே கூடாது.

பெரிய தாய்மீன்களை விட்டுடுங்க. அதுங்க போடுற முட்டை ரொம்ப அதிகம், பல வயசு மீன் கலந்திருந்தாதான் ஒரு மோசமான வருஷத்தை தாங்கும். அதனால சின்ன மீனுக்கு மட்டும் இல்லாம பெரிய மீனுக்கும் அளவு வரம்பு வைங்க.

முட்டையிடுற நேரமும் மாறும், தடைக்காலத் தேதியை அதுக்கேத்த மாதிரி நகர்த்துங்க.

மீன் எல்லை தாண்டியும் போகும். வடகிழக்கு அட்லாண்டிக்ல மேக்கரல் மீன் ஐஸ்லாந்து பக்கம் பரவினப்ப நாடுகள் ஆளாளுக்கு கோட்டா போட்டு, மொத்தப் பிடிப்பு விஞ்ஞானிகள் சொன்ன அளவை தாண்டிடுச்சு. அதனால ஒவ்வொரு நாட்டோட பங்கும் எப்படி மாறும்னு மீன் நகர்றதுக்கு முன்னாடியே பேசி எழுதி வச்சுடுங்க.