டெல்லியில் நாள் முழுக்க வெளியே சுற்றும் திருநங்கைக்கு: பாத்ரூம் எங்கே, எப்படி?

நான் முனிர்காவில் இருக்கிறேன். ஆர்.ஓ. தண்ணீர் மெஷின் சர்வீஸ் வேலை. காலையில் துவாரகா, மதியம் லாஜ்பத் நகர், சாயங்காலம் மயூர் விகார் என்று பொழுது ரோட்டில்தான் போகும். ஊரிலிருந்து புதிதாக வரும் தங்கைகள் ரூம் வாடகைக்கு அடுத்து என்னிடம் கேட்பது இதைத்தான். அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில், தண்ணீர் குடிப்பதை நிறுத்தாதீர்கள். பாத்ரூமுக்குப் பயந்து காலையிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டு அலைபவர்கள் நம்மில் நிறைய பேர். டெல்லி வெயிலில் அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். அப்புறம் ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பது என்று வேறு ஒரு பாடு. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

உங்கள் நாளை மெட்ரோவை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று நிலையங்களில் இருக்கும் தனிக் கழிப்பறைகளைத் திருநர்களும் பயன்படுத்தலாம் என்று டெல்லி மெட்ரோ 2021 ஆகஸ்டில் அறிவித்தது. அப்போது அவர்கள் சொன்ன கணக்கு 347 கழிப்பறைகள். விருப்பப்பட்டால் உங்கள் பாலினத்துக்குரிய சாதாரண கழிப்பறைக்கும் போகலாம் என்று அதே அறிவிப்பில் உண்டு. நான் தனி அறைக்குத்தான் போவேன். ஒரே அறை, ஒரே கதவு, உள்ளே யாரும் முறைக்க மாட்டார்கள். டிக்கெட் கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும். அடிக்கடி போகும் நிலையங்களில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டியிருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். சாவி பெரும்பாலும் துப்புரவு ஊழியரிடமோ கஸ்டமர் கேர் கவுன்டரிலோ இருக்கும். "பையா, திவ்யாங் டாய்லெட் கீ சாபி தே தீஜியே" (அண்ணா, மாற்றுத்திறனாளிகள் கழிப்பறைச் சாவியைக் கொடுங்கள்) என்று கேளுங்கள். கெஞ்சும் குரல் வேண்டாம், அதட்டலும் வேண்டாம். மறுத்தால் ஸ்டேஷன் கன்ட்ரோலரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அங்கேயே நின்று மெட்ரோ உதவி எண் 155370-க்குப் போன் போட்டாலும் சரி.

சட்டத்தை எடுத்தவுடன் நீட்டாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். வாசலில் நிற்கும் கார்டுக்கு உச்ச நீதிமன்றம் ரொம்ப தூரம், சூப்பர்வைசர்தான் பக்கம். ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள். 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் (திருநர் உரிமைகளை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த வழக்கு) வந்த தீர்ப்பு, நமக்குப் பொதுக் கழிப்பறை வசதி செய்து தரச் சொன்னது. 2017-இல் தூய்மை இந்தியா திட்டத்துக்காக மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், ஆண்கள் பக்கமோ பெண்கள் பக்கமோ திருநர் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றது. 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி, மற்றவர்கள் போகும் பொது இடத்துக்கு நம்மைப் போகவிடாமல் தடுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. இந்தப் பக்கங்களைப் போனில் படமாக வைத்திருங்கள். தகராறு முற்றினால் 112. இலவச சட்ட உதவிக்கு 15100.

நமக்கென்றே தனியாகக் கட்டியதும் உண்டு. பிரஸ் கிளப் அருகே புது டெல்லி நகராட்சி 2021-இல் ஒன்று திறந்தது. நல்லதுதான். ஆனால் கரோல் பாகில் நிற்கும்போது அவசரம் வந்தால் அது என்ன செய்யும்? தவிர, அந்தக் கதவுக்குள் நுழைந்தாலே நாம் யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். எனக்குக் கேட்டால், பலகை எதுவும் இல்லாத, தாழ்ப்பாள் உள்ள அறை போதும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பெட்டிக்கு முனையில் இருக்கும் கழிப்பறையை ஆணும் பெண்ணும் ஊர் வரைக்கும் பகிர்ந்துகொண்டுதானே வருகிறார்கள்?

கட்டணக் கழிப்பறையில் சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேராக உள்ளே போங்கள். வாசலில் தயங்கி நின்றால்தான் கேள்வி வரும். கூட்டமான நேரத்தில் தோழியோடு பேசிக்கொண்டே போவது இன்னும் சுலபம்.

திருநம்பிகளுக்கு, அதாவது பெண்ணாகப் பிறந்ததாகக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்களுக்கு, என் ரூம் தம்பி சொல்லச் சொன்னது: ஆண்கள் பக்கத்தில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, நேராகக் கதவுள்ள அறைக்குப் போய்விடலாம். சிக்கல் அந்தக் கதவில்தான். தாழ்ப்பாள் உடைந்திருக்கும், இல்லையென்றால் உள்ளே துடைப்பமும் வாளியும் அடைத்து வைத்திருப்பார்கள். மாதவிடாய் நாளில் பழைய செய்தித்தாளும் கறுப்புக் கவரும் பையில் இருக்கட்டும். ஆண்கள் கழிப்பறையில் நாப்கின் போடக் குப்பைத்தொட்டி தேடினால் கிடைக்காது.

ராத்திரி மெட்ரோ மூடிய பிறகு கஷ்டம்தான். கன்னாட் பிளேஸ் பக்கம் என்றால் பங்களா சாகிப் குருத்வாரா இரவிலும் திறந்திருக்கும். தலையை மூடிக்கொள்ளத் துப்பட்டா வேண்டும்.

என்னைப் போல வீடு வீடாகப் போகும் வேலை என்றால், மெஷினை ஓடவிட்டு, தண்ணீர் பிடித்துக் காட்டிய பிறகு வீட்டம்மாவிடம் கேளுங்கள். ஆர்.கே.புரத்தில் தமிழ் வீடு என்றால் காபி வரும்போதே கேட்டுவிடுவேன். ஆண் மட்டும் தனியாக இருக்கும் வீட்டில் கேட்பதில்லை.

ஆபீஸ் வேலைக்குச் சேர்பவர்கள் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததுமே கழிப்பறை விஷயத்தைப் பேசிவிடுங்கள். மேலே சொன்ன திருநர் சட்டத்தின் கீழ் வந்த 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனங்கள் வெளியிட வேண்டிய சமவாய்ப்புக் கொள்கையில் எல்லாருக்கும் பொதுவான கழிப்பறை பற்றியும் வர வேண்டும். அந்தக் கொள்கையைக் காட்டச் சொல்லுங்கள். வாயால் கேட்காமல் மெயிலில் கேளுங்கள், பதிலையும் மெயிலிலேயே வாங்குங்கள்.