பூனை எத்தனை வருடம் வாழும்?

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை சாதாரணமாக 12 முதல் 18 வருடம் வரை வாழும். அமெரிக்காவின் டெக்சாஸில் கிரீம் பஃப் என்ற பூனை 38 வருடம் வாழ்ந்து 2005இல் இறந்தது. தெருவில் சுற்றும் பூனைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வண்டி, நாய், தொற்று என்று பாதியிலேயே போய்விடும்.

நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு பால்சோறு மட்டும் வைப்பது. பூனைக்கு டாரின் சத்து கட்டாயம் வேண்டும். அது மீனிலும் இறைச்சியிலும்தான் கிடைக்கும். குறைந்தால் கண்பார்வையும் இதயமும் கெடும்.

அப்புறம் தண்ணீர். வயதான பூனைகளைச் சிறுநீரக நோய் அதிகம் தாக்குகிறது, அதனால் பூனை போதிய தண்ணீர் குடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எங்கள் பூனை கிண்ணத்து நீரை முகர்ந்துவிட்டு, குழாயடியில் சொட்டும் நீரைத்தான் நக்கும். கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வைத்த பிறகுதான் குடிக்க ஆரம்பித்தது.

கருத்தடையும் தடுப்பூசியும் ஆயுளைக் கூட்டும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். பத்து வயதுக்கு மேல் திடீரென நிறையத் தண்ணீர் குடித்து, உடம்பும் இளைத்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.