நழுவாத கோடைச் செருப்பு: என் அனுபவம்

சித்திரை வெயிலில் மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போதெல்லாம், புதிதாக வாங்கிய செருப்பு இடது குதிகாலை விட்டு நழுவிக்கொண்டே இருந்தது. ஓர் எண் சிறியதாக மாற்றிப் பார்த்தேன். மாலையில் பாதம் சற்று வீங்கியதும் சுண்டுவிரல் உரசிப் புண்ணானது. உள்ளே ஒட்டிய ஸ்பாஞ்ச் வியர்வையில் ஊறி இன்னும் வழுக்கியது.

ஆறாம் நாள்தான் செருப்பின் உட்புறத்தைக் கூர்ந்து பார்த்தேன். இடதில் மட்டும் விரல்நுனிகள் பதியும் இடத்தில் ஐந்து சிறு குழிகள் விழுந்திருந்தன. அதாவது, குதிகாலைப் பிடிக்க வார் இல்லாததால், சற்றே சிறிய அந்தப் பாதம் விரல்களை மடக்கித்தான் செருப்பைப் பற்றியிருக்கிறது. கெண்டைக்கால் வலித்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

மாசி வீதியோரம் செருப்புத் தைக்கும் பெரியவரிடம், பாதம் வீங்கியிருக்கும் மாலை வேளையிலேயே சென்று, பக்கிள் வைத்த தோல் வார் ஒன்றைக் குதிகாலுக்குப் பின்னால் தைத்துக்கொண்டேன். இடதை ஒரு துளை இறுக்கிப் போடுகிறேன். இப்போது தெப்பக்குளத்தை இரண்டு சுற்று நடந்தாலும் நழுவுவதில்லை.