அறிவுசார் குறைபாடு: குடும்பத்தினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை இன்னும் பேசவில்லையே என்று கவலைப்படும் தாயிடம், "இவன் அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான், பயப்படாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால், அந்த ஆறுதலை நம்பிக் காத்திருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள், மூளை மிக வேகமாக வளரும் ஆண்டுகள். பதினெட்டு மாதமாகியும் நடக்காத குழந்தையையும், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்திருந்தால், பிறந்த இரண்டு வாரங்களுக்குள் மாத்திரையைத் தொடங்குவதன் மூலம் மூளை பாதிக்கப்படுவதைப் பெருமளவு தடுத்துவிடலாம். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்காக அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் செயல்படுகின்றன.

அறிவுசார் குறைபாட்டை மனநோயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது அடுத்த தவறு. மனநோய் எந்த வயதிலும் எவருக்கும் வரலாம், அதற்கு மருந்துண்டு. அறிவுசார் குறைபாடோ வளர்பருவத்திலேயே வெளிப்படும் நிலை. அதை நீக்கும் டானிக்கோ லேகியமோ கிடையாது. வலிப்பு, தைராய்டு, காது, கண் கோளாறுகள் கூடவே இருந்தால் அவற்றுக்குக் கட்டாயம் மருத்துவம் வேண்டும். வலிப்பு நின்றுவிட்டது என்று நாமாகவே மாத்திரையை நிறுத்துவது ஆபத்தானது. "கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்" என்று உண்மையை மறைத்துத் திருமணம் செய்துவைப்பது இரண்டு பேருக்கும் இழைக்கும் அநீதி.

பரிசோதனைத் தாளில் உள்ள நுண்ணறிவு ஈவை (IQ) மட்டும் பார்த்து, "ஐம்பத்தைந்துதானாம், இனி ஒன்றுமில்லை" என்று முடிவுகட்டிவிடும் பெற்றோர் உண்டு. நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 70-க்குக் கீழ் இருப்பதோடு, உண்பது, உடுத்துவது, பிறரோடு பழகுவது, காசைக் கையாள்வது போன்ற அன்றாடத் திறன்களிலும் குறைவு இருந்தால்தான் இதை அறிவுசார் குறைபாடு என்கிறோம். இந்த இரண்டாவது பகுதி பயிற்சியால் வளரக்கூடியது. இலேசான குறைபாடு உள்ள பலர் எழுதப் படிக்கக் கற்று, வேலைக்கும் செல்கிறார்கள்.

இவற்றையெல்லாம் விட ஆழமான பாதிப்பைத் தருவதாக நான் கருதுவது, பிள்ளைக்காக எல்லாவற்றையும் நாமே செய்துவிடும் பழக்கத்தைத்தான். பள்ளி வேன் வந்து நிற்கும் அவசரத்தில் சட்டையை மாட்டிவிட்டு, இட்லியை ஊட்டிவிட்டு அனுப்புவது எளிது. அப்படியே அவனுக்கு இருபத்தைந்து வயதாகிவிடும், தாய்க்கு முதுகு வலிக்கத் தொடங்கிவிடும். சிறப்பாசிரியர்கள் ஒரு வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துச் சொல்லித்தருவார்கள். சட்டையின் மற்றப் பித்தான்களை நாம் போட்டுவிட்டு, கடைசிப் பித்தானை மட்டும் குழந்தையே போட விடலாம். அது கைவந்ததும் கடைசி இரண்டையும் குழந்தையிடமே விடலாம். இப்படிப் பின்னிருந்து முன்னோக்கிப் போகும்போது, ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தது தானே என்ற மகிழ்ச்சி குழந்தைக்குக் கிடைக்கிறது. இதற்கு மாதங்கள் ஆகலாம். வீட்டில் ஒருவர் சொல்லித்தருவதை இன்னொருவர் பரிதாபப்பட்டுச் செய்துவிட்டால் பயிற்சி வீணாகிவிடும். பாட்டி தாத்தாவுக்கும் இதைப் பொறுமையாக விளக்க வேண்டும்.

வளர்ந்த பின்னும் குழந்தையாகவே நடத்துவது இதன் தொடர்ச்சிதான். உடல் தன் வயதுக்கேற்ப வளர்கிறது. மாதவிடாயைப் பற்றியும், யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதைப் பற்றியும் படங்களைக் காட்டி, பலமுறை சொல்லித்தர வேண்டும். "இதுக்கு என்ன தெரியும்" என்று பேசாமல் விடப்பட்ட பிள்ளைகளே பாலியல் அத்துமீறலுக்கு எளிதில் இரையாகிறார்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் போன்ற ஆவணங்களை வாங்காமல் தள்ளிப்போடுவதும் பெரிய இழப்பைத் தரும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். ஒன்றிய அரசின் கீழ் இயங்கும் தேசிய அறக்கட்டளையின் நிரமயா திட்டம் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. அரசு ஊழியரின் பிள்ளை சம்பாதிக்க இயலாத நிலையில் இருந்தால், வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற வழியிருக்கிறது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் விவரங்களைத் தாம் பணிபுரியும் அலுவலகத்தில் பதிந்துவைப்பது பின்னாளைய அலைச்சலைக் குறைக்கும்.

பதினெட்டு வயது நிறைந்த பின்னும் பெற்றோரே இயல்பான பாதுகாவலர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டப்படி அது அன்றோடு முடிந்துவிடுகிறது. வங்கியிலோ பத்திரப் பதிவிலோ சிக்கல் எழும்போதுதான் இது தெரியவரும். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். பாதுகாவலர் தேவைதானா, எந்தெந்தக் காரியங்களுக்குத் தேவை என்பதையும் அக்குழு ஆராயும். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் சொத்து விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

எங்களுக்குப் பிறகு அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று அந்த அண்ணனிடமே கேட்காமல் முடிவுசெய்யும் வீடுகள் ஏராளம். அவரிடமும் அவர் மனைவியிடமும் வெளிப்படையாகப் பேசுங்கள். யாரோடு இருக்க விருப்பம் என்று அந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டாலும், அண்ணன் வீட்டில் சில நாள் தங்கவைத்துப் பார்த்தால் முகமே பதில் சொல்லும்.