தலை இடிக்காத ரோல் கேஜ்

வாங்கும்போதே எங்கள் ஜீப்பில் ஒரு ரோல் கேஜ், அதாவது வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு, இருந்தது. பந்தயத்துக்காகப் போட்டது, உள்ளே இருப்பவர் ஹெல்மெட் மாட்டியிருப்பார் என்ற கணக்கு. குடும்பத்தோடு போகையில் யார் ஹெல்மெட் போடுகிறார்கள்? பின்சீட்டில் பிள்ளைகளின் உச்சந்தலைக்கு நேர் மேலே, நாலு விரல் இடைவெளியில் குறுக்குக் குழாய். பள்ளத்தில் இறங்கினால் ‘ணங்’.

அதை வெட்டி எடுத்துவிட்டு, பின்சீட்டுக்குப் பின்னால் புதிய வளைவு ஒன்றை நிறுத்தினேன். 1.75 அங்குல விட்டம், 0.120 அங்குலத் தடிமன் உள்ள டிஓஎம் குழாய் (அச்சின் மேல் இழுத்து உருவாக்கிய எஃகுக் குழாய்). வளைக்கிற இடத்தில் நசுங்கக் கூடாது என்பதால் அந்த வேலை மட்டும் மேண்ட்ரல் பெண்டர் (குழாய்க்குள் தண்டு கொடுத்து வளைக்கும் இயந்திரம்) வைத்திருந்த பட்டறைக்குப் போனது. வளைவின் கால்களை வெறும் தரைத்தகட்டில் பற்றவைத்தால், வண்டி கவிழும்போது தகட்டைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும். அடித்தகடு வைத்து சேஸியோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணைத்தேன்.

கதவுப் பக்கக் குழாய்தான் தலைவலி. பாதுகாப்பு சரி, ஆனால் பாட்டி எப்படி ஏறுவது? முன்பக்கம் தாழ்த்திச் சாய்வாக வைத்தேன்.

தலை படக்கூடிய இடமெல்லாம் எஸ்எஃப்ஐ 45.1 தர உறை, அதாவது ரோல் கேஜ் குழாய்களுக்கென்றே உள்ள பந்தயத் தர மெத்தை. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் நுரை வேண்டவே வேண்டாம். விரலால் அழுத்தினாலே இரும்பு தட்டுப்படும். அப்புறம், சீட் பெல்ட் சாதாரணக் கார்களில் இருக்கும் மூன்று முனை பெல்ட்தான். சைல்டு சீட்டை அதிலேயே கட்டிவிடலாம்.