'எல்லாம் புரியுது, பேச்சுதான் வரலை': சிறு குழந்தைகளின் மொழி வளர்ச்சியைச் சோதிக்கும் முறை

பேசத் தாமதமாகும் குழந்தையைப் பற்றி வீட்டில் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "எல்லாம் புரியுது, பேச்சுதான் இன்னும் வரலை." அந்த 'எல்லாம் புரியுது' உண்மைதானா என்று பார்ப்பதில்தான் முதற்கட்டச் சோதனையின் பாதி வேலை இருக்கிறது. பேசாத குழந்தை யார் கண்ணிலும் பட்டுவிடும். சொல்வது புரியாமலே, நம் கையையும் கண்ணையும் பார்த்துச் சமாளிக்கும் குழந்தைதான் தப்பிவிடுகிறது. பிறகு பள்ளிக்குப் போனதும் 'மந்தம்', 'சொன்ன பேச்சு கேக்க மாட்டான்' என்று பெயர் வாங்குகிறது.

கீழே உள்ளது அங்கன்வாடிப் பணியாளர்களும் மழலையர் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் செய்யக்கூடிய சோதனை. இதன் முடிவில் நோயின் பெயர் எதுவும் கிடைக்காது. குழந்தையை நிபுணரிடம் அனுப்ப வேண்டுமா, வேண்டாமா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கும்.

தயாராவது

ஒரு டம்ளர், ஸ்பூன், சீப்பு, சின்னப் பந்து, ஒரு பொம்மை, படப் புத்தகம் போதும். குழந்தை தூங்கி எழுந்து, சாப்பிட்டு முடித்த நேரமாகப் பாருங்கள். காலை நேரம் நல்லது. டிவியையும் போனையும் அணைத்துவிடுங்கள். தரையில் குழந்தைக்கு எதிரே, அதன் கண் மட்டத்தில் உட்காருங்கள். அம்மா பக்கத்தில் இருக்கலாம், ஆனால் இடையில் உதவக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். 20 நிமிடம் தேவைப்படும். முதல் ஐந்து நிமிடம் எதுவும் கேட்காமல் சேர்ந்து விளையாடுங்கள், வந்ததும் வராததுமாக "இது என்ன? அது என்ன?" என்று கேட்டால் பேசுகிற குழந்தையும் வாயை மூடிக்கொள்ளும்.

வீட்டில் எந்த மொழியோ அந்த மொழியில், பேச்சு வழக்கில் கேளுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதுவோ சௌராஷ்டிரமோ பேசும் குழந்தையைத் தமிழில் மட்டும் சோதித்தால் முடிவு தப்பாக வரும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, 2 வயது வரை, முன்கூட்டிப் பிறந்த மாதங்களைக் கழித்துவிட்டு வயதைக் கணக்கிட வேண்டும்.

முதலில் காது

"கதவைத் தட்டினா திரும்புறான், விளம்பரப் பாட்டு வந்தா ஓடி வர்றான், காது நல்லாதான் கேக்குது" என்பார்கள். தாழ்ந்த சுருதியில் வரும் பலத்த ஓசைகள் கேட்டு, ச, ஸ போன்ற மெல்லிய, உயர் சுருதி ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பதை நம்ப முடியாது. நிழலோ காற்றோ தரையின் அதிர்வோ பட்டுக்கூட குழந்தை திரும்பும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்து, ஒரு வாரம் நன்றாகவும் அடுத்த வாரம் மங்கலாகவும் கேட்கும்.

அதனால் பேச்சு தாமதமான எந்தக் குழந்தைக்கும் முறையான செவித்திறன் பரிசோதனை கட்டாயம். உள்காதிலிருந்து திரும்பும் மெல்லிய ஒலியைப் பதிவு செய்யும் ஓஏஇ, ஒலிக்குக் கேட்பு நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின்துலங்கலைப் பார்க்கும் பெரா ஆகிய இரண்டு சோதனைகளுக்கும் குழந்தை பதில் சொல்லத் தேவையில்லை. பிறந்த குழந்தைக்குக்கூடச் செய்யலாம். பிறந்தபோது செய்து சரியாக இருந்தது என்றாலும் மறுபடி செய்ய வேண்டும், ஏனென்றால் சில வகைக் கேட்புக் குறைபாடு பிறகுதான் தலைகாட்டும். பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், சொந்தத்தில் திருமணம், குடும்பத்தில் காது கேளாதவர் இருப்பது ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

புரிகிறதா என்று பார்ப்பது

டம்ளர், ஸ்பூன், சீப்பு, பந்து நான்கையும் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக வையுங்கள். உங்கள் கைகள் மடியில் இருக்கட்டும். கண் குழந்தையின் முகத்தில் இருக்க வேண்டும், பொருளின் மேல் போகக் கூடாது. சாதாரணக் குரலில் ஒரே ஒரு முறை, "சீப்பை எடு." மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள்.

இங்கேதான் தவறு நடக்கும். கேட்பவரின் பார்வை சீப்புக்குப் போகும், அம்மாவின் முகவாய் அந்தப் பக்கம் அசையும், குழந்தை அதைப் படித்துவிடும். வெறும் ஆசையால் எதைக் கேட்டாலும் பந்தையே எடுக்கும் குழந்தையும் உண்டு. பந்தைக் கேட்டபோது பந்தை எடுத்தது என்று அதற்கு மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு பொருளையும் வரிசை மாற்றி இரண்டு முறை கேளுங்கள், இரண்டு முறையும் சரியாக எடுத்தால் மட்டும் கணக்கு. நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுக்க 4-ல் 1 வாய்ப்பு. இரண்டு முறையும் அப்படி அமைய 16-ல் 1 தான்.

இரண்டரை, மூன்று வயதில் வாக்கியத்தைச் சற்று நீட்டுங்கள். "ஸ்பூனை டம்ளர்ல போடு" என்று கேட்டால் பயனில்லை. ஸ்பூனையும் டம்ளரையும் பார்த்த எந்தக் குழந்தையும் சொல்லாமலே அதைத்தான் செய்யும். "சீப்பை டம்ளர்ல போடு", "ஸ்பூனைப் பொம்மைக்குக் கீழ வை" என்று வழக்கத்துக்கு மாறானதைக் கேளுங்கள். வார்த்தையைப் புரிந்துகொண்டால்தான் அதைச் செய்ய முடியும். மூன்று வயதில், "சீப்பை எனக்குக் குடு, பந்தை அம்மாகிட்ட குடு" என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொல்லலாம்.

பேச்சை எண்ணுவது

நினைவிலிருந்து "ஒரு அம்பது வார்த்தை இருக்கும்" என்று சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம், காதில் விழும் ஒவ்வொரு புது வார்த்தையையும் அம்மாவோ பாட்டியோ குறித்து வரட்டும். 'மம்மு', 'ங்கா', நாய்க்கு 'பௌபௌ' எல்லாம் கணக்கில் சேரும். ஒரே பொருளுக்கு எப்போதும் அதையே சொன்னால் அது வார்த்தைதான். உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மொழி பேசும் வீட்டில் இரண்டிலும் உள்ள வார்த்தைகளைக் கூட்டுங்கள். நாம் சொன்ன உடனே திருப்பிச் சொல்வதும், போனில் பார்த்து ஒப்பிக்கும் ஏபிசிடியும் ரைம்ஸும் கணக்கில் சேராது. முப்பது வரை ஆங்கிலத்தில் எண்ணும் குழந்தைக்குத் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்கத் தெரிகிறதா என்பதே முக்கியம்.

2 வயதில் 50 வார்த்தைக்குக் குறைவாக இருந்தாலோ, "அப்பா வா", "பால் வேணும்" போல இரண்டு வார்த்தை சேர்த்துத் தானாகச் சொல்லாவிட்டாலோ அது தாமதம். 'டாட்டா பைபை' போல ஒட்டிப் பிறந்தவை இரண்டு வார்த்தை ஆகாது. 3 வயதில் மூன்று வார்த்தை வாக்கியமும், 'யாரு', 'எங்க' என்ற கேள்விக்குப் பதிலும் வர வேண்டும். வெளியாளுக்கும் முக்கால்வாசி புரிய வேண்டும். 4 வயதில் ஏறக்குறைய முழுவதும் புரிய வேண்டும். ர, ழ இன்னும் சரியாக வரவில்லை என்பதற்காக மட்டும் அந்த வயதில் கவலைப்பட வேண்டாம்.

நான்கு, ஐந்து வயதில் மேலோட்டமாகப் பேச்சு நன்றாகவே இருக்கும். குறை வாக்கிய அமைப்பில் ஒளிந்திருக்கும். அதைப் பிடிக்க வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வது நல்ல வழி. "பாட்டி குடுத்த பழத்தைத் தம்பி சாப்பிட்டான்" என்று ஒரு முறை சொல்லுங்கள். 'தம்பி' என்பது 'தம்பிப் பாப்பா' ஆனால் பரவாயில்லை. "பாட்டி பழம் தம்பி சாப்பிட்டான்" என்று 'குடுத்த' உதிர்ந்து, 'பழத்தை' வெறும் 'பழம்' ஆனால் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி ஐந்தாறு வாக்கியம் சொல்லிப் பார்த்து, பாதிக்கு மேல் அமைப்பு சிதைந்தால் அனுப்பலாம். பிறகு, காலையில் எழுந்ததிலிருந்து என்ன நடந்தது என்று கேளுங்கள். மூன்று நான்கு நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லத் திணறினால் அதுவும் ஓர் அறிகுறி.

காத்திருக்கவே கூடாதவை

10 மாதத்தில் 'பாபாபா', 'மாமாமா' என்ற மழலை இல்லை; 12 மாதத்தில் டாட்டா காட்டுவதோ விரல் நீட்டுவதோ இல்லை; 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை; எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் மறைந்துவிட்டன. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அனுப்புங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, எதையும் சுட்டிக்காட்டிப் பகிராத 16 முதல் 30 மாதக் குழந்தைக்கு ஆட்டிசத்துக்கான முதற்கட்டச் சோதனையாக, பெற்றோர் பதில் சொல்லும் 20 கேள்விகள் கொண்ட எம்-சாட்-ஆர் வினாத்தாள் இருக்கிறது. அதில் மதிப்பெண் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அடுத்த கட்டச் சோதனைக்குப் போக வேண்டும்.

வீட்டார் சொல்லும் சமாதானங்கள்

"அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினார்." இது ஆறுதலுக்காகச் சொல்வது, ஆனால் குடும்பத்தில் யாருக்காவது பேச்சு தாமதம் இருந்தது என்றால் குழந்தைக்கு ஆபத்து கூடுதல். அதை நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள். இரண்டு வயதில் தாமதமான குழந்தைகளில் பலர் பிறகு தானாகவே எட்டிப் பிடித்துவிடுவது உண்மை. யார் பிடிப்பார்கள் என்று அந்த வயதில் உறுதியாகச் சொல்ல முடியாது. காது சரியாக இருந்து, கைச்சாடையின்றியும் நன்றாகப் புரிந்து, சைகையால் நிறையப் பேசும் குழந்தையை மட்டும் 3 மாதம் கழித்து மறுபடி சோதிக்கலாம். புரிதலில் குறை இருந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு மொழி கேட்பதால் மொழிக் குறைபாடு வராது. தாய்மொழியை நிறுத்தச் சொல்லாதீர்கள். நாக்கில் வசம்பு தடவுவதால் பேச்சு வராது. நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருப்பது சில ஒலிகளைப் பாதிக்கலாம், வாக்கியம் அமைக்க முடியாததற்கு அது காரணமல்ல. போனைக் குறைப்பது நல்லதுதான்: 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம், 2 முதல் 4 வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் 'போனை நிறுத்திட்டு ஆறு மாசம் பார்ப்போம்' என்று தள்ளிப் போடுவது ஆறு மாதத்தை இழப்பது. போனையும் குறைக்க வேண்டும், குழந்தையையும் அனுப்ப வேண்டும்.

எங்கே அனுப்புவது

2013-ல் தொடங்கிய, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். பேச்சுத் தாமதமும் கேட்புக் குறைபாடும் அவர்கள் பட்டியலில் உள்ளவைதான். அவர்கள் வரும் வரை காத்திருக்காமல் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு (டிஇஐசி) நேராக அனுப்பலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. தனியாரிடம் போனால் பேச்சுப் பயிற்சியாளருக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கடுமையான கேட்புக் குறைபாடு என்றால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் செவிக்கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை) 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். மூன்று வயதுக்குள் செய்தால் பலன் இன்னும் கூடும்.

அனுப்பும் சீட்டில் 'பேச்சு வரவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். வயது மாதக் கணக்கில், வார்த்தைகளின் எண்ணிக்கை, சைகையில்லாமல் கேட்டபோது என்ன செய்தது, குழந்தை சொன்ன வாக்கியம் இரண்டு அப்படியே, குடும்ப வரலாறு, காது சோதனை ஆனதா என்பதை எழுதுங்கள். அம்மாவிடம், "குறை இருக்கு" என்றோ "போன் குடுத்ததாலதான்" என்றோ சொல்லாமல், "பேச்சு வளர்ச்சியை இன்னும் விவரமா பார்க்கணும்மா, இந்த வாரமே போயிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். போனார்களா, அங்கே என்ன சொன்னார்கள் என்பதை ஒரு மாதத்துக்குள் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.