கையெழுத்து நிற்கும்போதே செய்ய வேண்டியவை

வங்கியில் பென்ஷன் கவுன்ட்டரில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். வயதான காலத்துக்கு ஏற்பாடு என்றதும் எல்லாரும் வீட்டை யார் பேருக்கு எழுதுவது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசிப் பேச்சு. அப்பாவோ அம்மாவோ நாளைக்கே படுத்துவிட்டால், அவர்கள் பணத்தை அவர்களுக்கே செலவழிக்க வழி இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்.

கணக்கு தனிப்பேரில் இருந்து, அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தால், மகனே வந்து நின்றாலும் வங்கியால் பணம் தர முடியாது. "நாமினியாக என் பேர் இருக்கே மேடம்" என்பார்கள். நாமினிக்கு வேலை, கணக்கு வைத்திருப்பவர் காலமான பிறகுதான். அதனால் நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்து, 'ஐதர் ஆர் சர்வைவர்' முறையில் கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஃபிக்சட் டெபாசிட் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. இடையில் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஒரே பெரிய டெபாசிட்டாகப் போடாமல் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் முதிரும்படி வைத்தால் இந்தச் சிக்கல் குறையும்.

கை நடுங்க ஆரம்பித்தவர்களின் கையெழுத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் எழுத்து அப்படியே இருக்கும், பாதியில் கோடு கீழே சரிந்து, கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விடும். அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. கையெழுத்துப் போட முடியாதவர் கைரேகை வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். நடக்க முடியாதவர் என்றால் வீட்டுக்கே ஆள் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தயங்காதீர்கள், கேட்டால்தான் நடக்கும்.

நினைவு தப்புவதுதான் நிஜமான அபாயம். நமக்குப் பதிலாகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி வைத்தாயிற்று, கவலை இல்லை என்று இருப்பவர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில், 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டப்படி, பவர் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் அந்தப் பவரும் முடிந்துபோகிறது. எந்த நிலைமைக்காக எழுதினார்களோ, அந்த நிலைமை வரும்போது அது கைகொடுக்காது. அப்புறம் குடும்பத்தார் காப்பாளராக நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். ஆகவே மறதி நோய் என்று டாக்டர் சொன்ன ஆரம்பத்திலேயே, இன்னும் தெளிவாக இருக்கும்போதே, கூட்டுக் கணக்கு, உயில் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். உயில் எழுதும் அதே தேதியில், சுயநினைவோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் சான்றிதழும் வாங்கி வையுங்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். எழுதுபவரைவிட வயதில் சிறியவர்களாக, சொத்தில் பங்கு இல்லாதவர்களாகப் பாருங்கள். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், பின்னால் சண்டை குறையும். மனம் மாறினால் வேறு உயில் எழுதலாம்.

செட்டில்மென்ட் பத்திரம், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பது, அப்படியில்லை. எழுதிக் கொடுத்து, பிள்ளை ஏற்றுக்கொண்டபின் நம் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. உயிரோடு இருக்கும்போதே வீட்டைக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பத்திரத்திலேயே இரண்டு விஷயம் இருக்கட்டும்: ஆயுள் முழுக்க அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை எனக்கு உண்டு, என் அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இதைக் கொடுக்கிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23-க்கு இந்த நிபந்தனைதான் உயிர். பிள்ளை கவனிக்க மறுத்தால், தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். 'அன்பின் பேரில்' என்று மட்டும் எழுதிய பத்திரத்தோடு போனவர்கள் தோற்றுத் திரும்பியிருக்கிறார்கள். பத்திரம் எழுதுபவர் வழக்கமான வாசகத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வருத்தமாக இருக்குமே என்று இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நல்ல பிள்ளைக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை. முதியோருக்கான 14567 உதவி எண்ணில் இலவசமாக வழி கேட்கலாம்.

செலவு விஷயத்தில் ஒன்று மட்டும். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரி பில்லுக்குத்தான். 70 வயது நிரம்பியவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வருமான வரம்பில்லாமல் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, அதுவும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். வீட்டில் ராப்பகலாகப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம் நம் கையிலிருந்துதான் போகும். அந்த மாதச் சம்பளத்தை விசாரித்து, சில வருடங்களுக்காவது தாங்கும் தொகையைத் தனியாக ஒதுக்குங்கள்.

கடைசியாக, மீள முடியாத நிலையில் வென்டிலேட்டர் போன்றவை வேண்டுமா வேண்டாமா என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-ல் இதை அனுமதித்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்து, அவ்வளவுதான். உங்கள் சார்பில் பேச வேண்டியவர் யார் என்றும் பெயர் எழுதுங்கள். பீரோவில் பூட்டி வைக்காமல், அவரிடம் ஒரு நகல், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.